மருந்தண்ணனும் நடுப்பலகையும்

மருந்தண்ணனுக்குப் பிடிக்காதவற்றைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும். பிடித்தது ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல், பெயின்ட் கடை மாடியில் இருக்கிற இளைஞர் குழு அறையில், சுவரோரமாகப் போட்ட ஓர் உயரமான மேசைக்குப் பின்னால் நிற்பது. அதை விட்டால் உலகம் முழுக்க அவருக்கு அசிங்கம்.

அதை அவர் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார். வீடு, ஓட்டல், அலுவலகம் என்று எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பூச்சி மருந்து அடிப்பது அவருடைய பிழைப்பு. முதுகில் டேங்க், கையில் குழாய், மூக்கை மூடிய துணி, நெற்றியில் ஒரு டார்ச். மற்றவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சோபாவைப் பார்ப்பார்கள், சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்து நல்லாயிருக்கு என்பார்கள். இவர் நேரே சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜை இழுத்து அதன் முதுகைப் பார்ப்பார். அங்கே காபித்தூள் தூவியதுபோல் கரப்பான் எச்சம் கிடக்கும். அதன் நடுவே எப்போதோ விழுந்த ரொட்டித் துண்டு ஒன்று பச்சை பூத்திருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி அதட்டிய அதே அம்மாள் பின்னால் நின்றுகொண்டு, "நேத்துதான் தொடைச்சேன்" என்பாள். அவர் பதில் சொல்ல மாட்டார். சொல்ல வேண்டியதை முகம் சொல்லிவிடும்.

அந்த முகம் முதலில் வேலை நேரத்தில் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு வீட்டுக்கும் கூடவே வந்து, அப்படியே தங்கிவிட்டது. மேலுதடு ஒரு பக்கம் ஏறி, மூக்கு சுருங்கி, கண் இடுங்கி, விளக்கெண்ணெய் குடித்த குழந்தையின் முகம். வயது நாற்பத்தைந்தாகியும் அது மாறவில்லை. தூங்கும்போதும் அப்படித்தான் இருக்கிறது என்று அவர் மனைவி சொல்வாள்.

அந்த மனைவியைப் பாவம் என்றுதான் சொல்ல வேண்டும். தட்டை வைத்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தம்ளரை முகர்ந்து பார்ப்பார். சோற்றைக் கிளறி ஏதோ தொலைத்தவர் மாதிரி தேடுவார். ஒருநாள் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தீங்களா, இல்ல இந்த வீட்டைச் சோதனை போட வந்தீங்களா?" அதற்கும் அதே முகம்தான் கிடைத்தது. அன்றிலிருந்து அவள் சமைத்ததை அவள் சாப்பிட்டாள். அவர் தனக்கென்று ஒரு பாத்திரம், ஒரு தட்டு வைத்துக்கொண்டு தானே பொங்கித் தின்றார்.

சொந்தக்காரர்கள் கதை இன்னும் மோசம். மச்சினியின் கல்யாண விருந்தில் எல்லோரும் பார்க்கக் கைக்குட்டையால் ஸ்பூனைத் துடைத்தார். அதோடு விட்டிருந்தால் மானம் பிழைத்திருக்கும். எழுந்துபோய்ச் சமையல் நடக்கிற இடத்தில் குனிந்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். சமையல்காரர் அகப்பையைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு வருகிற அழைப்புகளில் மனைவியின் பெயர் மட்டும் இருக்கும். "மூஞ்சியைக் கொஞ்சம் மாத்திக்கக் கூடாதா" என்று கேட்காத ஆள் இல்லை. மாற்ற முடிந்தால் அவர் என்ன வேண்டாம் என்றா சொல்லப்போகிறார்.

இளைஞர் குழு அவரை முதலில் கூப்பிட்டது மூட்டைப்பூச்சிக்காக. யாரோ தானமாகக் கொடுத்த பழைய மெத்தை நாற்காலிகளின் தையல் இடுக்கில் எல்லாம் குடும்பம் குடும்பமாக இருந்தன. அவர் நாற்காலி நாற்காலியாகக் கவிழ்த்துப் போட்டு, ஒன்று விடாமல் தீர்த்துவிட்டு நிமிர்ந்தபோது அறையின் மறுகோடியில் பெரிய கூச்சல் நடந்துகொண்டிருந்தது.

அவர்கள் ஆடிக்கொண்டிருந்தது செஸ்தான், ஆனால் வேறு தினுசு. அறைக்குக் குறுக்கே கயிறு கட்டி ஒரு கனத்த திரை தொங்கும். அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். ஆளுக்கு ஒரு பலகை, அதில் தன் காய்கள் மட்டும். எதிராளியின் காய் எங்கே நிற்கிறது என்று தெரியாது. திரை முடிகிற சுவரோரத்தில் ஒரு நடுவர் நிற்பார். அவருக்கு மட்டும் இரண்டு பக்கமும் தெரியும். அவருடைய மேசையில், அட்டை மறைப்புக்குப் பின்னால், இரு தரப்புக் காய்களும் நிற்கிற நடுப்பலகை இருக்கும். ஒருவர் காயை நகர்த்தியதும் நடுவர் அதைத் தன் பலகையில் நகர்த்திப் பார்ப்பார். நகர்த்தலாம் என்றால் "ஆச்சு". வழி அடைத்திருந்தால் "முடியாது". வெட்டு விழுந்தால் எந்தக் கட்டம் என்று சொல்வார். ராஜாவுக்கு ஆபத்து என்றால் "செக்". இவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வரலாம். ஆடுகிறவர்கள் அந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு இருட்டில் துழாவ வேண்டும். அவர் "செக்" என்று சொல்லாவிட்டால் அதுவும் ஒரு சேதி. ராஜா அந்தப் பக்கம் இல்லை என்று அர்த்தம்.

அன்றைக்கு நடுவராக நின்றவர் டைல்ஸ் ஒட்டுகிற ஒரு வாலிபர். வேலையாட்கள் பலர் சேர்ந்து தங்கும் ஒரு லாட்ஜ் அறையில் இருப்பவர், நல்ல மனிதர். ஆனால் யாருடைய ராணிக்காவது ஆபத்து நெருங்கினால் அவர் புருவம் தானாக மேலே ஏறிவிடும். ஆடுகிறவர்கள் பலகையை விட்டுவிட்டு அவர் நெற்றியைப் பார்த்தே ஆட ஆரம்பித்திருந்தார்கள். பட்டப்பெயரும் 'புருவம்' என்றே நிலைத்துவிட்டது. கூச்சல் அதைப் பற்றித்தான்.

"இனிமே புருவம் வேணாம். வேற ஆள் போடு" என்று குழுவின் செயலாளர் கத்திக்கொண்டிருந்தான்.

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, அவளையும் ஜெராக்ஸ் என்றே கூப்பிட்டார்கள், நாற்காலிகளுக்கு நடுவே டேங்கோடு நின்ற மருந்தண்ணனைக் கைகாட்டினாள். "இவரை நிக்க வைங்க. இவர் மூஞ்சியைப் பார்த்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது."

"எப்படி? அவர் மூஞ்சியிலதான் எல்லாம் அப்பட்டமாத் தெரியுதே" என்றான் செயலாளர்.

"தெரியுது. ஆனா கதவைப் பார்த்தாலும் அதேதான், உன்னைப் பார்த்தாலும் அதேதான்."

எல்லோரும் சிரித்தார்கள். மருந்தண்ணனுக்குக் காய் நகர்த்தும் அளவுக்குச் செஸ் தெரியும். டேங்கை இறக்கி வைத்துவிட்டு விளையாட்டுப்போல நின்றார். ஒரு ராணி விழுந்தது, அவர் முகத்தில் குமட்டல். ஒரு சிப்பாய் ஓர் அடி நகர்ந்தது, அதற்கும் அதே குமட்டல். ஆட்டம் முடிந்ததும் செயலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, அடுத்த வாரமும் வாங்க. மூஞ்சியை மட்டும் மாத்திடாதீங்க" என்றான். அவருக்கு அன்றிரவு சோறு இறங்கியது.

அதிலிருந்து ஒரு ஞாயிறு தவறவில்லை. தலையைப் படிய வாரிக்கொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவார். மூட்டைப்பூச்சி இருந்த நாற்காலியில் உட்கார மனம் வராததால் நின்றபடியேதான் இருப்பார். அந்தப் பிள்ளைகள் மட்டும் என்ன சுத்தமா. ஒருத்தன் பிஸ்கட்டைக் கடித்துவிட்டு மிச்சத்தை டப்பாவிலேயே திரும்பப் போடுவான். இன்னொருத்தி நகத்தைக் கடித்துத் துப்புவாள். ஒருவனுடைய சாக்ஸைப் பற்றி எழுதாமல் விடுவதே எழுதுகிறவனுக்கும் படிக்கிறவருக்கும் நல்லது. அவருக்கு வயிற்றைப் புரட்டும். ஆனால் இங்கே புரட்டலாம். முகம் எவ்வளவு கோணுகிறதோ அவ்வளவுக்கு நல்ல நடுவர். ஊரில் எல்லோரும் கழித்துக் கட்டிய முகத்துக்கு ஓர் அறை மட்டும் நாற்காலி போட்டுக் கூப்பிட்டது என்றால், அந்த அறையை அவர் எப்படி விடுவார். அவருக்குப் போக வேறு இடமும் இல்லை.

அதனால் ஒரு பயமும் ஒட்டிக்கொண்டது. குழுவில் நடுவர் விஷயத்தில் மட்டும் ஈவிரக்கம் கிடையாது. ஒரு தடவை தவறினால் அத்தோடு சரி, மறுபேச்சே இல்லை. புருவத்தை அன்றைக்கு அப்படித்தான் அனுப்பினார்கள். அவர் இப்போது மூலையில் மின்சாரக் கெட்டிலில் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டு, ஆட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருக்கிறார். மருந்தண்ணன் அந்த டீயைத் தொட்டது இல்லை. போதாக்குறைக்கு, "இதெல்லாம் முகத்தைக் கட்டுப்படுத்தத் தெரிஞ்சவங்க செய்யற வேலை" என்று ஒருமுறை புருவத்தின் காதில் விழும்படி சொல்லியும் வைத்தார். கட்டுப்படுத்துகிறாராம். கேட்டால் சிரிப்பு வரும்.

அந்த வருடத்துக் கோப்பைக்கான கடைசி ஆட்டம் செயலாளருக்கும் ஜெராக்ஸுக்கும். செயலாளர் மூன்று வருடமாகக் கோப்பையைத் தன் வீட்டு அலமாரியில் வைத்திருப்பவன். ஜெராக்ஸ் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அறை நிறைய ஆள். ஒரு பாதி திரைக்கு இந்தப் பக்கம், ஒரு பாதி அந்தப் பக்கம், ஒவ்வொருவரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் நின்று பாதி ஆட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழு ஆட்டத்தையும் பார்த்தவர் சுவரோரம் நின்ற ஒரே மனிதர்.

பாதி ஆட்டம் தாண்டியபோது செயலாளரின் மந்திரி வெட்டுப்பட்டது. அவன் அதைப் பெட்டியில் போடாமல் விரலிடுக்கில் வைத்து உருட்டிக்கொண்டே யோசித்தான். மந்திரிக் காயின் தலை கூராக இருக்கும். சிறிது நேரத்தில் அந்தக் கூர் நுனி அவன் காதுக்குள் போனது. மருந்தண்ணன் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம், கண் கேட்கவில்லை. அவன் அதை உள்ளே விட்டு நிதானமாகத் திருகினான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுகமாகத் திருகினான். வெளியே எடுத்து நுனியைப் பார்த்தான். பிறகு, இதை எழுதவே கை கூசுகிறது, அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். திருப்தியாக இருந்திருக்க வேண்டும். அடுத்த காதுக்குப் போனான்.

மருந்தண்ணன் எத்தனையோ ஃபிரிட்ஜின் முதுகைப் பார்த்தவர்தான். ஆனால் கரப்பான்கூடத் தன் அழுக்கைத் தானே முகர்ந்து ரசிப்பதில்லை என்று நினைத்தார். அந்தக் காய் நாளைக்கு இன்னொருவர் கைக்குப் போகும், அவர் அந்தக் கையால் பிஸ்கட் எடுப்பார் என்று நினைப்பு வரிசையாக ஓடியது. அப்போது திரையின் இந்தப் பக்கம் ஜெராக்ஸ் ஒரு காயை நகர்த்திவிட்டு, நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஏதோ அசைந்தது என்று தெரிந்தது. அவர் கண்ணை அந்தக் காதிலிருந்து எடுக்காமலே, "ஆச்சு" என்றார்.

அவள் முகம் வாடிவிட்டது. அவருக்கு அது தெரியவில்லை.

செயலாளர் காதை விட்டுவிட்டு ஒரு குதிரையை நகர்த்தினான். அவர் அதைத் தன் பலகையில் நகர்த்தி, "ஆச்சு" என்றார். ஜெராக்ஸ் பெருமூச்சு விட்டுக்கொண்டு தன் யானையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் அவர் அவள் பலகையை ஒழுங்காகப் பார்த்தார். அவளுடைய யானை எதிரியின் கடைசி வரிசையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. நடுப்பலகையில் அதே யானை தன் வீட்டு வரிசையை விட்டு அசையவே இல்லை.

போன முறை அவள் நகர்த்தியது அந்த யானையை. அது நேரே கடைசி வரிசைக்குப் போய் நின்றிருக்கிறது. அந்த வரிசையில், மூலையில், செயலாளரின் ராஜா இருந்தது. முன்னால் அவனுடைய சிப்பாய்களே அடைத்துக்கொண்டு நின்றதால் அதற்கு நகர இடமில்லை. நடுவில் மறைக்க ஒரு காய் இல்லை, யானையை வெட்டவும் ஆள் இல்லை. செக் மட்டும் இல்லை, மேட். ஆட்டம் அங்கேயே முடிந்துபோயிருந்தது. ஜெராக்ஸ் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து சரியாகப் போய்க் கதவைத் தொட்டிருக்கிறாள். தொட்டுவிட்டாய் என்று சொல்ல உலகத்தில் இருந்த ஒரே ஆள் இன்னொருவனுடைய காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செக் என்று சொல்லாததால், ராஜா அங்கே இல்லை போலிருக்கிறது என்று அவள் திரும்பி வந்துகொண்டிருக்கிறாள்.

சொல்லியிருக்கலாம். "நிறுத்துங்க, நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று ஒரு வரி. அந்த வரி தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததும் அவருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்ணில் தெரிந்தது. தன் தட்டு, தன் பாத்திரம், உள்ளறையில் பேசாமல் துணி மடிக்கும் மனைவி. யானையை எடுத்து அவள் இப்போது வைத்த கட்டத்தில் அவரும் வைத்தார். இனி மூன்று பலகையும் ஒத்துப்போயின. "ஆச்சு" என்றார்.

அதன் பிறகு ஜெராக்ஸ் தவறான கணக்கோடு ஆடினாள். ராஜா இல்லாத பக்கமெல்லாம் ராஜாவைத் தேடினாள். ஒவ்வொரு முறையும் "முடியாது" என்றும் "ஆச்சு" என்றும் அவர் சரியாகத்தான் சொன்னார், ஒரு சொல் பிசகவில்லை. அது அவருக்கு இன்னும் கேவலமாக இருந்தது. கடைசியில் அவளுடைய ராஜாவைச் செயலாளரின் ராணி மடக்கியது. அவர் "மேட்" என்றார். திரைக்கு அந்தப் பக்கம் கைதட்டல் எழுந்தது. செயலாளர் அந்த மந்திரிக் காயை முத்தமிட்டு மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தான்.

ஜெராக்ஸ் அழவில்லை. "சரி, திரையைச் சுருட்டுங்க. ஓட்டிப் பார்ப்போம்" என்றாள்.

பயத்தில் அவர் இதை மறந்தே போயிருந்தார். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் திரையைச் சுருட்டிவிட்டு, எல்லோரும் நடுப்பலகையைச் சுற்றி நின்று, ஆட்டத்தை முதலிலிருந்து ஒவ்வொரு நகர்த்தலாகத் திரும்ப ஆடிப் பார்ப்பார்கள். இருட்டில் யார் யாரை உரசிக்கொண்டு போனார்கள், எவன் மயிரிழையில் பிழைத்தான் என்று அப்போதுதான் தெரியும். சிரிப்பும் கிண்டலுமாக, ஆட்டத்தைவிட அதுதான் ருசி. ஜெராக்ஸுக்குத் தன் நகர்த்தல் ஒன்றுகூட மறக்காது. யானை கடைசி வரிசைக்கு இறங்குகிற இடம் வரும். ஒரு சின்னப் பிள்ளைகூட மேட் என்று சொல்லிவிடும். அப்புறம் எல்லோரும் தலையைத் தூக்கி அவரைப் பார்ப்பார்கள்.

செயலாளர் பலகையில் காய்களை அடுக்க ஆரம்பித்தான். அவள் தன் பக்கத்துக் காய்களை அடுக்கினாள். மருந்தண்ணன் அந்த மேசையையும், திரையையும், நாற்காலிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருடைய தொழில் அவருக்குக் கைகொடுத்தது.

"யாரும் அசையாதீங்க" என்றார். குனிந்து திரையின் மடிப்பைப் பிரித்தார். "மூட்டைப்பூச்சி."

அவர் சொன்னால் அதற்கு அப்பீல் இல்லை. நாற்காலியில் இருந்தவர்கள் துள்ளி எழுந்தார்கள். மேசை ஆடியது, அடுக்கிய காய்கள் உருண்டன. அவர் எல்லாக் காய்களையும் ஒரு கையால் வாரிப் பெட்டியில் போட்டு மூடினார். "இதெல்லாம் வெயில்ல காயணும். திரையையும் கழட்டுங்க. எல்லாரும் கீழ போங்க."

தப்பித்தாயிற்று. நிம்மதியாக மூச்சுவிட்டார். ஆனால் யாரும் கீழே போகவில்லை. ஒருவர் உடம்பை ஒருவர் பார்த்துக்கொண்டு, கழுத்தைச் சொறிந்துகொண்டு, அறை நடுவில் நின்றார்கள்.

"அன்னிக்கே ஒண்ணு விடாம தீர்த்தாச்சுன்னு சொன்னீங்களே அண்ணா" என்றான் செயலாளர். "அப்புறம் எப்படி வந்துச்சு?"

"யாராவது கொண்டு வந்திருக்கணும்" என்றார் அவர். இது அவர் எல்லா வீட்டிலும் சொல்கிற வாசகம். வாயில் பழகியதால் வந்துவிட்டது.

"யாரு?"

யாரும் பெயர் சொல்லவில்லை. ஆனால் மெல்ல மெல்ல ஒரு விலகல் நடந்தது. நகம் கடிக்கிறவள் முதலில் ஓர் அடி தள்ளி நின்றாள். பிஸ்கட்காரன் தன் பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் கெட்டிலுக்குப் பக்கத்தில் புருவம் மட்டும் தனியாக நின்றார். அவரைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருந்தது.

"லாட்ஜ்ல ஒரே ரூம்ல எத்தனை பேர்டா படுக்கறீங்க?" என்று செயலாளர் கேட்டான்.

"நாங்க தினமும் கூட்டறோம்" என்றார் புருவம்.

"கூட்டறது வேற."

"எனக்குக் கடிக்கல. கடிச்சிருந்தா தெரியுமில்ல?"

"உங்களுக்குப் பழகியிருக்கும்" என்று யாரோ சொன்னார்கள்.

மருந்தண்ணன் அப்போது அவர்கள் முகங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகத்திலும் மேலுதடு ஒரு பக்கம் ஏறியிருந்தது. மூக்கு சுருங்கியிருந்தது, கண் இடுங்கியிருந்தது. காதைக் குடைந்து முகர்ந்தவன்கூட அப்படி மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றான். அவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சலித்த முகம், இப்போது அறை முழுக்க இருந்தது, அத்தனையும் ஒரே ஆளின் பக்கம் திரும்பியிருந்தது. அதற்கு எதிரே நிற்பது எப்படி இருக்கும் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. கரண்டியைக் கீழே வைத்த மனைவியின் கை ஞாபகம் வந்தது.

புருவத்துக்கு வாதாடத் தெரியவில்லை. வேலை செய்யும் இடத்திலிருந்து நேரே வந்தவர், மாற்றுடை வைத்திருந்த பையைக் கொண்டுவந்து அறை நடுவில் வைத்தார். சிமென்ட் படிந்த சட்டையை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உதறினார். தையலைப் புரட்டிக் காட்டினார். துண்டை உதறினார். பனியனை உதறினார். அடியில் மடித்து வைத்திருந்த உள்ளாடையையும் எடுத்து, ஒரு கணம் ஜெராக்ஸைப் பார்த்துக் கூசி, அதையும் உதறினார்.

"பாருங்கண்ணா" என்றார் மருந்தண்ணனிடம். "நீங்களே டார்ச் அடிச்சுப் பாருங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

மருந்தண்ணனுக்குத் தன் மேலேயே குமட்டியது. இதுவரை பார்த்த எந்தக் குப்பைக்கும் அப்படிக் குமட்டியதில்லை.

"பையை மூடு" என்றார். "பூச்சி இல்ல."

"என்னது?" என்றான் செயலாளர்.

"பூச்சி எதுவும் இல்ல. நான் பொய் சொன்னேன். நீ காதைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தே, நான் அதைப் பார்த்துக்கிட்டு நின்னுட்டேன். அப்ப இந்தப் பொண்ணு யானையைக் கடைசி வரிசைக்குக் கொண்டு போனா. அது மேட். நான் கவனிக்காம ஆச்சுன்னு சொல்லிட்டேன். ஓட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும்னு காயைக் கலைச்சேன்."

செயலாளர் தன் கையிலிருந்த மந்திரியைப் பார்த்தான். மெல்ல அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஜெராக்ஸ் பெட்டியைத் திறந்து, பலகையை எடுத்து, அந்த இடத்துக்கு வேண்டிய காய்களை மட்டும் பொறுக்கினாள். மூலையில் ராஜா. முன்னால் மூன்று சிப்பாய்கள். யானையைக் கையில் எடுத்துக் கடைசி வரிசை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவர்களும் வந்து சுற்றி நின்றார்கள். "அடேங்கப்பா, கண்ணே தெரியாம எப்படிப் போய் உக்காந்திருக்கு பாரு" என்று ஒருவன் சொன்னான். யாரும் மருந்தண்ணனைப் பார்க்கவில்லை. அவர் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

"கோப்பையை நாளைக்குக் கடைல கொண்டாந்து கொடுத்துடு" என்று அவள் செயலாளரிடம் சொன்னாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அடுத்த வாரத்துக்கு நாங்க வேற ஆள் பார்த்துக்கறோம்ணா."

"சரிம்மா" என்றார்.

படியிறங்கும்போது புருவம் கீழே தெருவோரம் நிற்பதைப் பார்த்தார். பைக்குள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு முன்னாலேயே இறங்கி வந்திருக்கிறார். இப்போது மறுபடி திறந்து, சட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் தையலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தண்ணன் பக்கத்தில் போய் நின்றார்.

"அண்ணா" என்றார் புருவம், தலையைத் தூக்காமல். "நிஜமாவே இல்லதானே?"

"இல்லப்பா. சத்தியமா இல்ல. நான் சும்மா சொன்னதுதான்."

"இல்ல, ரூம்ல மத்தவங்களும் படுக்கறாங்க. அதான் கேட்டேன்."

"இல்லவே இல்ல" என்றார் மருந்தண்ணன்.

புருவம் தலையாட்டினார். சட்டையை மடித்து உள்ளே வைத்தார். பிறகு துண்டை எடுத்து, ஓர் அடி தள்ளிப்போய், இன்னொரு தடவை உதறினார்.